கடல் பார்த்த அறையும் ஒரு வைக்கோல் தொப்பியும்

பியோ ஹேரானுக்குப் பெரிய ஆசைகள் கிடையாது. இதை அவளே பலரிடம் சொல்லியிருக்கிறாள்; அது உண்மையும்கூட. எதிர்வீட்டுக்குக் கார் வரும்வரை அவள் கார் கேட்டதில்லை. மேல்வீட்டிலிருந்து பியானோச் சத்தம் கேட்கும்வரை அவளுக்குச் சங்கீதத்தில் நாட்டமும் இருந்ததில்லை. அடுத்தவர்கள் சும்மா இருந்திருந்தால் உலகத்திலேயே திருப்தியான பெண்மணி அவளாகத்தான் இருந்திருப்பாள்.

சோங்ஜு நகரத்தில், மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றில் பதினான்கு வருடமாக அவளுக்கு வேலை. வருகிறவர்களின் கண்ணில் என்ன குறை என்று அளந்து சொல்ல வேண்டும். பிறகு சட்டத்தைக் காதுக்கும் மூக்குக்கும் சரியாக உட்காரவைக்க வேண்டும். அந்த வட்டாரத்தில் அவளைப்போல் அதைச் செய்ய ஆள் இல்லை. சாயங்காலம் கடை மூடிய பிறகும் அளப்பதை மட்டும் அவளால் நிறுத்த முடிந்ததில்லை.

பதினோராவது மாடியில் உள்ள அவள் வீட்டுச் சுவரில் பன்னிரண்டு சான்றிதழ்கள் சட்டம் போட்டுத் தொங்குகின்றன. ஒன்றாம் வகுப்பு முதல் பள்ளி முடியும்வரை ஒரு நாள்கூடத் தவறாமல் வந்ததற்கு, வருடத்துக்கு ஒன்று. வெள்ளத்தில் பாலம் மூழ்கிய ஒரு நாள், பள்ளிக்கு வந்து சேர்ந்தது அவளும் காவலாளியும் மட்டும்தான். மாமியார்கூட அந்தச் சுவரைப் பார்த்து ஒருமுறை வாய் மூடியிருக்கிறார்.

ஆகவே, மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் யெரின் ஜூன் மாதத்தில் ஒருநாள் பையை இறக்கி வைத்துக்கொண்டே சொன்ன செய்தி, நேராக அந்தச் சுவரில்தான் போய் இடித்தது.

"அம்மா, நான் முழுவருகைப் பிச்சைக்காரியாம்."

"யாருடி சொன்னது?"

"கியுபின். ஒரு நாளும் லீவு போடாதவங்க எல்லாம் வெளிநாடு போகக் காசில்லாத பிச்சைக்காரங்களாம்."

"நீ என்ன சொன்னே?"

"அப்ப பிச்சைக்காரிக்கு ஒரு சாக்லேட் போடுன்னேன். போட்டான்."

யெரின் அந்தச் சாக்லேட்டின் ருசியை நினைத்துச் சிரித்தாள். ஹேரானுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் காலத்தில் கௌரவமாக இருந்தது எப்போது வசவாக மாறியது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. வகுப்பில் பாதிப் பேர், 'அனுபவக் கல்வி' என்று ஒரு விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்துவிட்டு நடுப் பருவத்தில் குவாமுக்கும் ஒகினாவாவுக்கும் போய்வந்துகொண்டிருந்தார்கள். பள்ளி அதை வருகையாகவே எழுதிக்கொள்ளும். பதிவேட்டில் பிள்ளை வகுப்பில் இருக்கும். உண்மையில் நீச்சல் குளத்தில் இருக்கும். யாருடைய நாற்காலி எத்தனை நாள் காலியாகக் கிடந்தது என்பதை வைத்துத்தான் பிள்ளைகள் மதிப்புப் போட்டார்கள். யெரினின் நாற்காலியோ ஒரு நாளும் காலியானதில்லை.

அந்த வியாழக்கிழமை, குப்பை பிரித்துப் போடும் நாளில், கீழே ஜூஹாவின் அம்மா நின்றிருந்தாள். பத்தொன்பதாவது மாடி. ஜூஹா யெரினின் வகுப்புத்தான். அவளுடைய அம்மா ஹேரானைவிட மூன்று வயது இளையவள். ஆகையால் வாய் நிறைய அக்கா என்பாள். ஹேரானுக்கு அதுவும் பிடிக்காது. அக்கா என்றால் வயது கூடுதல் என்றுதானே அர்த்தம்? ஜூஹாவின் அம்மா ஒரு பெரிய அட்டைப்பெட்டியை மிதித்துத் தட்டையாக்கிக்கொண்டிருந்தாள். பெட்டியின்மேல் பயணப்பெட்டியின் படம்.

"புதுசா?" என்றாள் ஹேரான்.

"ஆமாக்கா. பழசுக்குக் குவாம்ல சக்கரம் போயிருச்சு. ஒரே தொல்லை."

மேலே பார்த்தால் புலம்பல். அடியில் முழுக்கக் குவாம். ஹேரான் கையிலிருந்த பாட்டில்களை நிதானமாக ஒவ்வொன்றாகப் போட்டாள்.

"இந்த வருஷம் எங்க?"

"சும்மா பக்கத்துலதான்க்கா, டா நாங். ஜூலை பதினாறுலேர்ந்து மூணு ராத்திரி. பள்ளிக்கூடம் லீவு விடறதுக்கு முந்தியே போயிட்டு வந்தா கூட்டம் இருக்காது பாருங்க."

"எந்த ஹோட்டல்?" தக்காளி என்ன விலை என்று கேட்கிற குரல்.

"வெள்ளி மணல்னு ஒண்ணு. குளம் நல்லா இருக்காம். அக்கா, அது பிளாஸ்டிக் மூட்டை. நீங்க கண்ணாடி பாட்டில் போட்டுட்டு இருக்கீங்க."

அன்றே ஹேரானுக்குத் திட்டம் உருவாகிவிட்டது. அதே தேதி, அதே ஹோட்டல். வியட்நாம்மேல் அவளுக்குத் தனிப்பட்ட ஈர்ப்பு எதுவும் இல்லை. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு நிமிடம்: குளத்தோரம் அகலமான தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகத் தான் சாய்ந்து கிடக்க, ஜூஹாவின் அம்மா துண்டோடு வந்து நிற்க, தான் மெல்லக் கண்ணாடியை இறக்கி, "அட, நீங்களும் இங்கயா?" என்று கேட்கிற நிமிடம். அந்த 'நீங்களும்' என்ற சொல்லை அவள் கடையில் கண்ணாடி துடைக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தாள். வகுப்பில் யெரினின் நாற்காலி நாலு நாள் காலியாகக் கிடக்கும் என்பது அதோடு சேர்ந்து வரும் லாபம்.

கணவன் தாக் சாங்வு பேட்டரித் தொழிற்சாலையில் ஷிப்ட் முறையில் வேலை பார்க்கிறவன். சுபாவத்தில் சாது.

"எனக்கு ஆகஸ்ட் மொத வாரம் லீவு இருக்கே. அப்பப் போவோமே."

"அப்ப பள்ளிக்கூடமே கெடையாதே, யெரின் அப்பா."

"அதனாலதானே அப்பப் போகணும்?"

"பள்ளிக்கூடம் இல்லாதப்ப போனா யாருக்குத் தெரியும்? அவ நாற்காலி காலியா இருக்காதே."

சாங்வு குளிர்ந்த நூடுல்ஸ் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கினான். "நாம நாற்காலிக்காகவா ஊருக்குப் போறோம்?"

"பொண்ணைப் பிச்சைக்காரின்னு சொல்றாங்க. உங்களுக்கு நூடுல்ஸ் எறங்குது."

அவன் மறுநாளே தன் ஆகஸ்ட் வாரத்தை, புதிதாகக் கல்யாணமான ஒரு சக ஊழியனுக்குக் கொடுத்துவிட்டு ஜூலையில் நாலு நாள் வாங்கி வந்தான். ஆகஸ்ட் விடுமுறை கிடைத்த அந்தப் பையன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம்.

ஹோட்டலில் கடல் பார்த்த அறை ஒன்றுதான் மிச்சம் இருந்தது. ஹேரான் முதலில் மலைப்பக்க அறையைத்தான் எடுப்பதாக இருந்தாள். ஆனால் திரையில், 'இந்த அறையை இப்போது ஏழு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று வந்தது. முகம் தெரியாத ஏழு பேர். அவர்களில் ஒருவருக்கு அது கிடைத்துவிடலாம் என்ற எண்ணத்தை அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

மூன்றாம் நாள், குளத்தோரத்துக்கென்று அவள் வரவழைத்த வைக்கோல் தொப்பி வந்தது. அகல விளிம்பு, கறுப்பு நாடா. அதை அலமாரியின் மேல் ஒளித்து வைத்தாள். பயணத்தைப் பற்றி யெரினிடம்கூட மூச்சு விடவில்லை. யெரினுக்குத் தெரிந்தால் ஜூஹாவுக்குத் தெரியும், ஜூஹாவுக்குத் தெரிந்தால் குளத்தோரத்து நிமிடம் பாழாகும். விண்ணப்பத்தையும் அவளே எழுதினாள். 'பிள்ளை கற்றுக்கொள்ளப் போவது' என்ற இடத்தில், 'பிற நாட்டு மக்களை மதிக்கும் பண்பு' என்று நிரப்பி, நேராக ஆசிரியைக்கே அனுப்பினாள்.

எல்லாவற்றையும் யோசித்தவள் ஒன்றை மறந்துவிட்டாள். அனுமதித் தாளை ஆசிரியை பிள்ளையின் கையில்தான் கொடுத்தனுப்புவார்.

யெரின் அந்தத் தாளோடு வந்து வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை.

"பதினேழாந்தேதி மார்க்கெட்மா! நானும் ஜூஹாவும் கடை போடறோம்!"

வகுப்பில் வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் சந்தை அது. பிள்ளைகள் வீட்டில் வேண்டாத சாமான்களைக் கொண்டுவந்து, ஆசிரியை தரும் காகிதச் சீட்டுக்கு விற்பார்கள்.

"அவதான் ஊருக்குப் போறாளே?"

"இல்லம்மா! ரெண்டு வருஷமா மார்க்கெட் அன்னைக்கு அவ ஊர்லயே இல்ல. இந்தத் தடவை சாப்பிடவே மாட்டேன்னு அழுதா. அவங்கம்மா எல்லாத்தையும் கேன்சல் பண்ணிட்டாங்க. என்கூடக் கடை போடறதுக்காக!"

முதலில் ஹேரானின் மனக்கண்ணில் நீச்சல் குளம் காலியாயிற்று. யாரும் பார்க்காத தொப்பி, யாரும் கேட்காத 'நீங்களும்'. அதற்கப்புறம் வந்ததுதான் அவளுக்கே வியப்பாக இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த ஒன்பது வயது மகளைப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. இவளுக்காக ஒருத்தி டா நாங்கையே வேண்டாம் என்கிறாள். பன்னிரண்டு வருடம் ஒரு நாள் விடாமல் பள்ளிக்குப் போன தனக்காக யாரும் ஒரு பஸ் டிக்கெட்டைக்கூடக் கேன்சல் செய்ததில்லை.

"அந்தக் கியுபின் சொன்னதெல்லாம் மறந்துபோச்சா?"

"அவன் இப்ப எங்க ரெண்டு பேரையும் பிச்சைக்காரிங்கன்னு சொல்றான். ரெண்டு பேருன்னா அது டீம் பேரும்மா. கடைக்கே அந்தப் பேர்தான் வச்சிருக்கோம். நீ என்னைக் கூட்டிட்டுப் போனா ஜூஹா தனியா நிப்பா."

மறுநாள் கடையில் மதியம் கிம்பாப் சோற்றுச் சுருளைப் பிரித்து வைத்துக்கொண்டு ஹேரான் யோசித்தாள். யெரினைக் கூட்டிக்கொண்டு போனால் நாற்காலி காலியாகும், சரி. ஆனால் பக்கத்தில் ஜூஹா ஒற்றையாக நிற்பாள். மகள் அழுதவுடன் கேன்சல் செய்த அம்மா எவள், செய்யாத அம்மா எவள் என்று ஊர் பேசும். அந்த ஒப்பீட்டிலும் ஜூஹாவின் அம்மாவா ஜெயிப்பது? கடைசித் துண்டை மெல்லும்போதே ஹோட்டலுக்கும் விமானத்துக்கும் கேன்சல் போட்டுவிட்டாள். வீட்டில் யெரின் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவில்லை. காரணம் எதுவாக இருந்தால் என்ன, பலன் தாயன்பாக வந்து சேர்ந்தது.

"அந்தத் தொப்பிய இனிமே யாரு போடப் போறா?" என்று மட்டும் ஹேரான் முணுமுணுத்தாள்.

வியாழக்கிழமை குப்பைத் தொட்டி அருகில் அவளே பேச்சைத் தொடங்கினாள்.

"நாங்களும் கேன்சல் பண்ணிட்டோம், ஜூஹா அம்மா. பிள்ளைங்க ஆசைன்னு ஒண்ணு இருக்கே."

"எதைக்கா?"

"டா நாங்தான். வெள்ளி மணல்."

"அங்கயா? நீங்களுமா?"

ஒத்திகை பார்த்த சொல் எதிராளியின் வாயிலிருந்து வந்தது. பரவாயில்லை என்று ஹேரான் விட்டுவிட்டாள்.

"கடல் பார்த்த ரூம். ஒண்ணே ஒண்ணுதான் இருந்தது."

"எங்களுக்கு மலைப்பக்கம்தான்க்கா கெடைச்சது. கடல் பக்கம் இல்லவே இல்லைன்னாங்க."

சொல்லும்போது ஜூஹாவின் அம்மாவின் கண் ஒரு நொடி சுருங்கியது. பதினான்கு வருட அனுபவத்தில் ஹேரான் அதைத் துல்லியமாக அளந்துகொண்டாள். போகாத ஊரில், தங்காத அறையில், அவள் கேட்ட நிமிடம் அவளுக்குக் கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து மீன் பொரிக்கும்போது பாட்டுக்கூட வந்தது.

ஜூலை பதினாறிலிருந்து நாலு நாளும் சாங்வு கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் படுத்துத் தர்ப்பூசணி தின்றான். வாழ்நாளில் இப்படி ஒரு சுற்றுலா போனதில்லை என்றான். பதினேழாம் தேதி மாலை யெரின் இரண்டு கை நிறையக் காகிதச் சீட்டுகளோடு ஓடி வந்தாள்.

"எல்லாம் வித்துப்போச்சு! தொப்பிக்கு மட்டும் பன்னெண்டு சீட்டு!"

"எந்தத் தொப்பி?"

"அலமாரி மேல இருந்துச்சே. இனிமே யாரு போடப் போறான்னு நீதானே சொன்னே?"

"யாரு வாங்கினா?"

"ஜூஹாவே வாங்கிட்டா. அவங்கம்மாவுக்காம்."

ஆகஸ்ட் முதல் வாரம். சாங்வு வேலைக்குப் போயிருந்தான். அவனுடைய அந்த வாரத்தை எடுத்துக்கொண்ட பையன் எங்கேயோ கடற்கரையில் இருந்தான். ஹேரான் கடைக்குக் கிளம்பி லிப்ட் பொத்தானை அழுத்தினாள். கதவு திறந்தது. உள்ளே ஜூஹா, அவள் அப்பா, புதுப் பயணப்பெட்டி, அதன் பக்கத்தில் ஜூஹாவின் அம்மா. தலையில் அகல விளிம்பு, கறுப்பு நாடா.

"அக்கா! உங்க தொப்பியாமே, ரொம்ப தேங்க்ஸ். மார்க்கெட்தான் முடிஞ்சிருச்சே, நாலு நாள் போயிட்டு வந்துடறோம். கூட்டமாத்தான் இருக்கும், என்ன பண்றது. ஆனா இந்தத் தடவை கடல் பார்த்த ரூம் கெடைச்சிருச்சு. நீங்க எப்போ?"

"பார்க்கணும். யெரின் அப்பாவுக்கு வேலை."

பதினோரு மாடி இறங்கும்வரை ஹேரான் அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் தலையில் வைத்துப் பார்த்தபோது அது இவ்வளவு எடுப்பாக இல்லை. ஆனால் இடது பக்கம் சற்று இறங்கியிருந்தது. கீழ்த்தளம் வந்து கதவு திறந்ததும் அவளால் பொறுக்க முடியவில்லை.

"ஒரு நிமிஷம் நில்லுங்க, ஜூஹா அம்மா."

இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்தாள். கடையில் சட்டத்தைக் காதில் உட்காரவைக்கிற அதே விரல்களால் இடப்பக்கம் ஒரு நெல்லளவு தூக்கி, பின்னால் ஒரு மயிரிழை அழுத்தி, ஓரடி விலகி நின்று பார்த்தாள்.

"இப்ப சரியா இருக்கு," என்றாள். சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.