பட்டினத்து டிவியில் பிரபஞ்சத்தின் பழைய வெளிச்சம்

"உலகம் எப்படி உண்டாச்சுங்கிறதெல்லாம் பரீட்சைக்கு வராது. நிறுத்திக்குங்க" என்று தலைமையாசிரியர் சொன்னது 1983இல், ஒரு வெள்ளிக்கிழமை. நான் மாயவரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. மறுநாளே கிளம்பிவிட்டேன், வீட்டில் சம்மதம் வாங்கி வந்த ஒன்பது மாணவிகளோடு.

காலை 7.40 பஸ். தரங்கம்பாடி வழியாகக் காரைக்கால், நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு; ஒன்றரை மணி நேரம், டிக்கெட் மூன்று ரூபாய். அங்கிருந்து நாகூர் பஸ்ஸில் இருபது நிமிடத்தில் திருமலைராயன்பட்டினம்.

அந்தக் கரையில் இலங்கை டிவி தெளிவாக எடுக்கும். என் கல்லூரித் தோழி ஜமீலாவின் வீட்டில் சிங்கப்பூர்ப் பெட்டி ஒன்று இருந்தது. அவள் அம்மா தயங்கினார்.

"படம் சாயங்காலந்தாம்மா வரும். இப்பப் போட்டா வெறும் புள்ளிதான் ஓடும்."

"அந்தப் புள்ளியப் பாக்கத்தாங்க வந்திருக்கோம்."

ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போட்டார். திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் கொதித்தன. ஆரம்பத்தில் பிரபஞ்சம் நெருப்பாய்த் தகித்தது, அது விரிய விரிய அன்றைய வெளிச்சம் நீண்டு, குளிர்ந்து, ரேடியோ அலையாகி எல்லாத் திசையிலிருந்தும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது, நூறு புள்ளியில் ஒன்று அதனுடையது என்றேன்.

ஒன்பது பேரில் ஒருத்தி, அம்பகரத்தூர் விவசாயி மகள் சித்ரா, விடவில்லை. "எந்தப் புள்ளி டீச்சர்?"

"பிரிச்சுக் காட்ட இந்தப் பெட்டியால முடியாது. பெரிய ஆன்டெனா வச்சு அளந்திருக்காங்க."

"அப்ப நாங்க நம்பணுமா?"

"வேணாம். படிச்சு, நீயே அளந்து பாரு."

ஜமீலாவின் அம்மா டீ டம்ளர்களோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அணைச்சிராதம்மா, நானும் கொஞ்சம் பாக்குறேன்" என்று பாயில் உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை பள்ளியில், சொல்லை மீறியதற்கு மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். பார்த்ததை ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன்; கீழே ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மேல்வகுப்புகளை என்னிடமிருந்து பிடுங்கி, ஆறாம் வகுப்புக்கு அனுப்பினார்கள். அங்கே கேள்விகள் இன்னும் அதிகம்.

போக நினைப்பவர்களுக்கு: இன்றைய டிவிகளில் புள்ளி வராது. ஆன்டெனா வைத்த பழைய பெட்டி ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். எந்த ஊரானாலும் சரி, அந்த வெளிச்சம் எல்லா இடத்திலும் விழுகிறது. பிள்ளைகளின் வீட்டில் சம்மதம் வாங்குங்கள். மன்னிப்புக் கடிதம் மட்டும் எழுதாதீர்கள்.