எடைக்குப் போன அச்சு

தண்ணீர்ப் பம்பு செய்யும் கம்பெனியில் அவருக்குக் கொள்முதல் வேலை. கூட இருந்தவர்கள் வைத்த பெயர் எறும்பு. கிடங்கு நிரம்பி வழியாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. வீட்டிலும் அதே கதைதான். அலமாரியில் சோப்புக் கட்டிகள் குடியிருக்கும். மனைவியின் துணிமணி கட்டிலுக்கடியில் கிடக்கும்.

அப்புறம் சந்தைக்குப் பைத்தியம் பிடித்தது. ஒரு மாதம் பெரிய பம்பு கேட்டு அடித்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் சீந்த ஆளில்லை. புதிதாக வந்த மேலாளர், சரக்குத் தேங்கக் கூடாது, எந்தப் பாகத்துக்கும் ஒரே ஆளை நம்பக் கூடாது, காற்றடிக்கிற பக்கம் சாயத் தெரிய வேண்டும் என்றார். எறும்பு கொஞ்ச நாள் முனகினார். பிறகு, கட்சி மாறியவர்களுக்கே உரிய வேகத்தோடு, மேலாளரைவிடச் சத்தமாக அதையே பேசத் தொடங்கினார்.

பேச்சு தங்கை வீடு வரை போனது. தங்கை கணவர் வீட்டு முன்னறையில் ஒரு மிஷினும் ஒரு இரும்பு அச்சும் வைத்து, பெரிய பம்புக்கான ரப்பர் வளையம் செய்பவர். வாங்குவது எறும்பின் கம்பெனி மட்டும்தான். அந்த ஆர்டரை நிறுத்தும் பொறுப்பு எறும்பின் தலையில் விழுந்தது. நேராகச் சொல்ல வாய் வராமல் தத்துவமாகச் சொன்னார். ஒரே வாடிக்கையை நம்பி உட்காரலாமா, காலத்துக்கேற்ப மாற வேண்டாமா, தேங்கிக் கிடப்பது சொத்தா, சுமையா? மாப்பிள்ளை தலையாட்டினார். மச்சான் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லை.

சில மாதங்களில் சந்தை மறுபடி புரண்டு படுத்தது. பெரிய பம்புக்கு வாசலில் லாரிகள் காத்துக் கிடந்தன. வளையம் உடனே வேண்டும் என்றார் மேலாளர். எறும்புக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. போனில் சொல்லியிருக்கலாம், தங்கை முகத்தைப் பார்க்கும் ஆசையில் நேரிலேயே ஓடினார்.

முன்னறை கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. மிஷின் நின்ற இடத்தில் திருகாணித் துளைகள் மட்டும். மாப்பிள்ளை காவலாளி உடுப்புக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"மிஷின் எங்க மாப்ளே? அச்சு?"

"நீங்கதானே மச்சான் சொன்னீங்க, தேங்கிக் கெடந்தா சுமைன்னு? போன வாரம்தான் எடைக்குப் போட்டேன். எனக்கு எதுவும் லேட்டாத்தானே புரியும்."

சிரித்தார். குத்தலே இல்லாத சிரிப்பு. அதுதான் குத்தியது.

தங்கை சமையலறை வாசலில் வந்து நின்றாள். "என்னண்ணா, ஆர்டர் ஏதும் வந்திருக்கா?"

"இல்லம்மா. இந்தப் பக்கம் வந்தேன், அப்படியே எட்டிப் பாத்தேன்."

மாப்பிள்ளை ஒரு கணம் அவர் முகத்தையே பார்த்தார். தொப்பியை மாட்டிக்கொண்டு, மச்சானுக்கு டீ கொடு என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

எறும்பு அலுவலகம் திரும்பி, எங்கோ தொலைவில் வேறொரு வளையக்காரரைப் பிடித்து, பொழுது சாய்வதற்குள் சரக்கை வண்டியேற்ற வைத்தார். இத்தனை வேகம் வேறு யாருக்கும் வராது என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் புகழ்ந்தார். உண்மைதான்.

மறுநாள் வந்த வளையங்கள் கச்சிதமாகப் பொருந்தின. ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஒன்றைக்கூடக் குறை சொல்ல முடியவில்லை.