யார் நம்பரைப் போடுவது?

எச்சில் வாங்குவது என் தொழில். பெட்டியோடு அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பிழைக்கிறவர்களுக்கு என் பாடு புரியும். மரபணுப் பரிசோதனைக்கு ஆன்லைனில் பதிந்தவர்களின் வீட்டுக்குப் போய், சின்னக் குழாயில் துப்பச் சொல்லி வாங்கி அனுப்புவேன். என்ன நோய் வர வாய்ப்பு என்று அவர்கள் போனுக்கு முடிவு வந்துவிடும். பெரம்பலூர், அரியலூர் பக்கமெல்லாம் அந்தக் குழாயை நீட்டிய எனக்கு, சொந்த மகளிடம் நீட்டத்தான் கை வரவில்லை.

வறண்ட வாய்

குரும்பலூரில் ஒரு வெற்றிலைக்காரர். துப்புவதற்கு அரை மணி நேரம் முன்பு எதுவும் வாயில் போடக்கூடாது என்றேன். வெற்றிலை இல்லாமல் அவருக்கு எச்சிலே ஊறவில்லை. மனைவி மாங்காய் ஊறுகாய் பாட்டிலைத் திறந்து முகத்துக்கு நேரே காட்டினார். அதற்கும் ஊறவில்லை. மனைவிதான் தலையில் அடித்துக்கொண்டார்.

"தெருவெல்லாம் துப்பித் திரிஞ்ச மனுசன், இப்பப் பாருங்க, ஒரு சொட்டுக்குத் தவிக்கிறாரு!"

கொழுந்தனார் போன்

மீன்சுருட்டியில் ஓர் அம்மா, தன் போனில் ரீசார்ஜ் இல்லை என்று கொழுந்தனார் நம்பரைச் சொன்னார். நானும் எழுதிக்கொண்டேன், தப்பு என்னுடையதும்தான். முடிவு அவருக்குப் போனது. அவர் அதைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். அடுத்த முறை பார்த்தபோது அந்த அம்மா பிடித்துக்கொண்டார்.

"சக்கரை வந்தாலும் வரலாம்னுதான சார் போட்டிருக்கு? அதுக்குள்ள காதுகுத்துப் பந்தியில என் எலைக்கு மட்டும் பாயசம் ஊத்தாம தாண்டிப் போறாங்க!"

பீரோ மேல் பெட்டி

என் மனைவி மார்பகப் புற்றுநோயில் போனாள். அவள் அம்மாவுக்கும் அதேதான். அரியலூரில் டீச்சராக இருக்கும் என் மகள் தனக்கும் பார்க்க வேண்டும் என்றாள். ஏலாக்குறிச்சியிலிருந்து கொழுந்தியாள் ஸ்டெல்லா ஓடிவந்தாள். அவளுடைய பெரிய பெண்ணுக்கு அப்போதுதான் வரன் பேசியிருந்தார்கள். "மாமா, எச்சி அவளுக்கு மட்டுமா சொந்தம்? எம்புள்ளைங்க கதையும் அதுலதான இருக்கு" என்று அழுதாள். அவள் சொன்னதும் நியாயம்தான். மீன்சுருட்டிப் பாயசம் வேறு என் நினைவுக்கு வந்தது. மகளுக்கென்று எடுத்த குழாய்ப் பெட்டியை பீரோ மேல் வைத்துவிட்டேன். ஒரு வருஷம் அங்கேயே கிடந்தது.

"ஊருக்கெல்லாம் தூக்கிட்டுப் போறீங்க. எனக்கு மட்டும் ஏம்பா எட்டாத எடத்துல வைக்கிறீங்க?"

சிவப்புப் பேனா

மகளே ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தாள். யாருமே படிக்காத ஒப்புதல் படிவத்தைப் பரீட்சைத் தாள் போலச் சிவப்புப் பேனாவோடு படித்தாள். மாதிரியை வைத்துக்கொள்ளலாம், விவரத்தை மற்றவர்களுக்குத் தரலாம் என்ற இரண்டு இடத்திலும் 'சம்மதம் இல்லை' என்று எழுதி, தன் நம்பரைப் போட்டுத் துப்பினாள்.

அம்மா வழிக் கோளாறு அவளுக்கும் இருந்தது. திருச்சி டாக்டர் ரத்தம் எடுத்து அதை உறுதி செய்தார். ஸ்கேனில் மிளகளவு கட்டி. உடனே எடுத்துவிட்டார்கள்; இப்போது நன்றாக இருக்கிறாள். அவள் அம்மாவுக்கு இந்த அவகாசம் கிடைக்கவில்லை.

வெளியே யாரிடமும் சொல்லவில்லை. ஏலாக்குறிச்சிக்கு மட்டும் மகளே பஸ் ஏறிப் போய்ச் சித்தியிடம் சொன்னாள். மறுவாரம் ஸ்டெல்லா இரண்டு பெண்களோடும் வந்து நின்றாள்.

"மூணு பெட்டி எடுங்க மாமா. நம்பரு மட்டும் உங்களதப் போடுங்க, சம்பந்தி வூட்டம்மா வந்தா என் போனத்தான் நோண்டுது!"

துப்புவதற்கு ஐந்து நிமிஷம் போதும். யார் நம்பரைப் போடுவது என்று முடிவு செய்யத்தான் ஒரு குடும்பத்துக்கு ஒரு வருஷம் ஆகிறது.