தகரக் கொட்டகையில் ஒரு நோயாளி

"மெதுவாங்க... இடுப்பு வலிக்குதுங்க..." என்று முனகுகிறார் மாரிசெல்.

தகரக் கொட்டகையின் நடுவில் ஓர் இரும்புக் கட்டில். அதில் எழுபதைத் தாண்டிய மாரிசெல் கிடக்கிறார். நான்கு மாணவிகள் அவரை ஒருக்களித்துப் புரட்டி, அடியில் கிடந்த விரிப்பை உருவிவிட்டுப் புதியதைச் செருகப் பார்க்கிறார்கள். யாராவது வெடுக்கென்று இழுத்துவிட்டால் போதும், மணப்பாறை ரோட்டில் போகிற பஸ்ஸுக்கே கேட்கும்படி "ஐயோ!" என்று அலறுவார். உடம்புக்கு ஒன்றும் இல்லை, அத்தனையும் பெண்கள் வேலை பழகுவதற்கான நடிப்பு. புதன்கிழமை தவறாமல் நடக்கிறது.

இந்த நோயாளிதான் கல்லூரியின் நிறுவனர். நர்சிங்கில் தொடங்கி, பார்மஸி, பிசியோதெரபி என்று வளர்ந்த கல்லூரி இப்போது பல்கலைக்கழகம் ஆகப்போகிறது. எதிர்க் கட்டடத்தில் அவருக்கென்று ஓர் அறை, குளுகுளு ஏசியோடு தயாராகிவிட்டது. "உள்ள ஒரு கல்யாணமே நடத்தலாம்மா" என்று செயலாளர் ரெங்கராஜ் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். வாசலில் பித்தளைப் பெயர்ப்பலகை. திறந்த அன்று பத்து நிமிடம் உட்கார்ந்ததோடு சரி, மாரிசெல் அந்தப் பக்கம் போகவில்லை.

பிறந்தது பிலிப்பைன்ஸில், இலோய்லோ என்ற ஊரில். குவைத்தில் நர்ஸாக இருந்தபோது, அங்கே ஆம்புலன்ஸ் ஓட்டிய மேலப்புதூர் இன்னாசிராஜைக் கட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தார். மாரிசெல் என்ற பெயர் தெருவில் மாரிசெல்வியாகி, மாரிம்மாவில் வந்து நின்றது. தமிழை முழுக்க முழுக்க 'ங்க' போட்டே கற்றுக்கொண்டார். வாட்ச்மேனுக்கும் ங்க, வாசலில் படுத்திருக்கும் நாய்க்கும் ங்க. "கொஞ்சம் தள்ளிப் படுங்க." நாயும் எழுந்து தள்ளிப் படுக்கிறது. கருவாட்டை வறுத்து வினிகரில் தோய்த்துச் சாப்பிடுவார். மேலப்புதூருக்கு இன்னும் ஜீரணமாகாத விஷயம் அது ஒன்றுதான்.

கல்லூரி தொடங்கிய புதிதில் படிக்க ஆள் தேடி வீடு வீடாக ஏறி இறங்கினார். பாலக்கரையில் பாத்திரக்கடை வைத்திருந்த முகம்மது கனியின் மகள் ஹாஜிரா பிளஸ் டூவில் பெயிலாகி வீட்டில் இருந்தாள். "எங்கிட்ட அனுப்புங்க" என்று கேட்டார். கனி பாய் ஒன்றும் பேசாமல் தலையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக ஆட்டினார். மாரிசெல் கண்டிருந்த வரையில் தலை பக்கவாட்டில் ஆடினால் முடியாது என்று பொருள். வீட்டுக்கு வந்து, இந்த ஊரே வேண்டாம் என்று அழுதுகொண்டே பெட்டியைக் கட்டத் தொடங்கிவிட்டார்.

இன்னாசிராஜ் விழுந்து விழுந்து சிரித்தார். "அவர் சரின்னுல்ல சொல்லியிருக்காரு!"

மறுநாள் காலையில் கனி பாய் மகளை மொபெட்டில் கொண்டுவந்து இறக்கினார். "நேத்தே சரின்னுட்டேனேம்மா, ஏன் எந்திரிச்சு ஓடிட்டீங்க?" இதே தகரக் கொட்டகையில்தான் ஹாஜிரா முதல் விரிப்பை விரித்தாள். இன்று அவர்தான் நர்சிங் கல்லூரியின் முதல்வர். இன்னாசிராஜ் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. பெட்டி கட்டிய கதையைச் சொல்லும்போதெல்லாம் மாரிசெல் அவரைப் போலவே சிரித்துக் காட்டுவார்.

தலையாட்டலை நம்மிடம் கற்றுக்கொண்டவர், பதிலுக்கு நமக்கு உதட்டைக் கொடுத்தார். அவர் ஊரில் விரலை நீட்டி வழி காட்டுவது அபூர்வம். உதட்டைக் குவித்து ஒரு பக்கமாக நீட்டினால் 'அதோ, அங்கே' என்று அர்த்தம். கை இரண்டும் வேலையாக இருக்கிற வார்டில் இது ரொம்பத் தோது. லால்குடிப் பெண்களும் மணப்பாறைப் பெண்களும் தங்களை அறியாமலே பழகிக்கொண்டார்கள். திருச்சியில் ஏதாவது ஆஸ்பத்திரியில் "எக்ஸ்ரே எங்கேங்க?" என்று கேட்டு, நர்ஸ் உதட்டைக் குவித்து நீட்டினால் பதறவேண்டாம். மாரிம்மாவிடம் படித்தவர், அவ்வளவுதான்.

பிளஸ் டூவில் தவறிய பெண்களுக்கான வகுப்பு இன்னும் இதே கொட்டகையில் நடக்கிறது. வார்டு வேலை பழகிக்கொண்டே விட்ட பாடத்தை எழுதித் தேறிவிடுவார்கள். ஆனால் புது நுழைவாயில் வளைவுக்கு இந்தக் கொட்டகைதான் குறுக்கே நிற்கிறது. ரெங்கராஜ் கெட்டவர் இல்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து விடிந்ததும் கிளம்பி வந்து, பல்கலைக்கழக அனுமதிக்காக நாயாய் அலைந்தவர். அவருக்கு ஒரே சங்கடம்தான்: "யூனிவர்சிட்டி போர்டுக்குக் கீழ பெயிலான பொண்ணுங்க நுழைஞ்சா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

மாரிசெல்லுக்குச் சில வாரங்களாகச் சோறு இறங்கவில்லை. "இந்த வகுப்பு போச்சுன்னா, மீதி எனக்கு எதுக்குங்க?" என்று ஹாஜிராவிடம் கேட்டாராம்.

இந்தப் புதன்கிழமை, மணப்பாறை கனிஷ்கா அவரைப் புரட்டுகிற முறை. இயற்பியலில் தவறியவள். நோயாளியின் கைகளை மார்போடு சேர்த்து, விரிப்பால் பக்குவமாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது ரெங்கராஜ் உள்ளே வந்தார்.

"மாரிம்மா, நாளைக்கு ஜே.சி.பி. வருது. கொட்டகையை எடுத்தே ஆகணும்."

கட்டிலிலிருந்து வந்த முனகல் நின்றது.

"வகுப்பே வேண்டாம்னு நான் சொல்லலைங்க" என்று ரெங்கராஜ் குரலைத் தாழ்த்தினார். "ஆனா இடம் எங்கம்மா இருக்கு? இருக்கிற ரூமெல்லாம் ரொம்பிடுச்சு. எங்க வெச்சுக்கிறது, நீங்களே காட்டுங்க."

மாரிசெல் தலையை மட்டும் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கைகள் விரிப்புக்குள் இருந்தன. எதிர்க் கட்டடத்தில் பித்தளைப் பெயர்ப்பலகை பளபளத்த அறையின் பக்கமாக, உதட்டைக் குவித்து நீட்டினார்.