என்னை விட்டுவிட்டுக் கொழுந்தைப் பொறுக்கியவள்

எழுபதுகளின் நடுவில், இலங்கையில் மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த காலம். ஐப்பசி மழை விடாமல் பிடித்திருந்தது. மத்தியானம் நிறைந்த கூடையோடு கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு இறங்கும்போது, கல்படியில் வழுக்கி மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தேன். வலது கால் முழங்காலுக்குக் கீழே மடிந்து கிடந்தது.

எனக்குப் பின்னால் வந்தவள் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராக்காரி, சின்ன வயதிலிருந்தே கூட்டாளி. ஓடி வந்தாள். தூக்குவாள் என்று பார்த்தால், சிதறிக் கிடந்த கொழுந்தைக் குனிந்து பொறுக்க ஆரம்பித்துவிட்டாள். நான் அலறுகிறேன், அவள் ஓர் இலை விடாமல் அள்ளிக் கூடையில் போடுகிறாள். மற்றவர்கள் வந்துதான் என்னைத் தூக்கினார்கள். வலியைவிட அதுதான் எனக்கு எரிந்தது. அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினேன்.

தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மாவுக்கட்டுப் போட்டார்கள். எலும்பு சரியாகக் கூடுகிறதா என்று அடிக்கடி வந்து காட்ட வேண்டும், விட்டால் கால் கோணிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். ஆனால் வீடு திரும்பியதும் தோட்டத்து ஆபீசான கந்தோரில் கையை விரித்துவிட்டார்கள். நான் வேலை முடிந்து சாப்பாட்டுக்கு லயத்துக்கு ஓடும்போது விழுந்தேனாம். அது வேலையில் பட்ட அடி இல்லையாம். அதனால் லொறியும் கிடையாது, படுத்திருக்கும் நாளுக்குச் சம்பளமும் கிடையாது. பஸ் பிடிக்கவே மலை இறங்க வேண்டும், கட்டுப் போட்ட காலோடு எங்கே இறங்குவது? கால் கோணிவிட்டால் அப்புறம் மலையேற முடியாது. மலையேறாமல் எங்களுக்குப் பிழைப்பு ஏது? அழுது தீர்த்தேன்.

எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவர் சும்மா விடவில்லை. பதுளைத் தொழில் கந்தோரில் முறையிட்டு விசாரணைக்கு நாள் வாங்கினார். தெரிந்த கடைக்காரர் ஒருவரின் வேனில் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டுபோனார்கள். முதலில் ஓடி வந்தவள் என்று சாட்சிக்கு அவளையும் ஏற்றினார் தலைவர். வழி நெடுக நான் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

விசாரித்த ஐயா சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசினார். நிறுக்கப் போகும் வழியில்தான் நான் விழுந்தேன் என்று அவள் சொன்னாள். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் சிரித்தார்.

"ரெண்டு பேரும் கூட்டாளிங்க ஐயா. இவ அவளுக்காக என்னவும் சொல்லுவா."

"நல்ல கூட்டாளி," என்றாள் இவள். "விழுந்த அன்னையிலருந்து எங்கூட ஒரு வார்த்த பேசல ஐயா. வேணும்னா அவளையே கேளுங்க."

ஏன் பேசவில்லை என்று ஐயா என்னைக் கேட்டார். அடக்கி வைத்த கோபமெல்லாம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"கால் ஒடிஞ்சு கெடக்கேன், என்னத் தூக்காம கொழுந்து பொறுக்குறா ஐயா. பொறுக்கி, நிறுக்கவும் கொண்டுபோயிட்டா."

ஐயா பேனாவை வைத்துவிட்டுக் கிளாக்கரைப் பார்த்தார். கொழுந்து நிறுக்காமல் வேலை எப்படி முடியும் என்று கேட்டார். கிளாக்கர் வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள்.

"அந்தக் கொழுந்தக் கறி ஆக்கவா ஐயா வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனா?"

ஐயாவே சிரித்துவிட்டார். வேலையில் பட்ட அடிதான் என்று முடிவானது. லொறி, சம்பளம், ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் தோட்டத்தின் பொறுப்பு என்றார். எனக்கு எதிராக நடந்ததாக நான் நினைத்துப் பொருமிய காரியம்தான் என்னைக் காப்பாற்றியிருக்கிறது, பாருங்கள்.

திரும்பும்போது, பசறை தாண்டியதும் நானே வாயைத் திறந்தேன்.

"ஏன்டி அப்படிச் செஞ்ச?"

"ஒங் கால் மடிஞ்சு கெடந்தத என்னால பாக்க முடியல புள்ள. கையி வெடவெடன்னு ஆடுச்சு. என்ன செய்யன்னு தெரியாம, தெரிஞ்ச வேலயச் செஞ்சேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வரும்வரை அழுதேன்; அது சந்தோஷ அழுகைதான்.

கால் நேராகக் கூடியது, அதற்குப் பிறகும் பல வருஷம் மலையேறினேன். ஆபத்து நேரத்தில் யாராவது கிறுக்குத்தனமாக ஏதாவது செய்தால் இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவதில்லை; பாசம் இருக்கிற இடத்தில்தான் கை அப்படி நடுங்கும் என்று அவள் எனக்குச் சொல்லிவிட்டாளே.