பல்லிக்குத் தட்டிய விரல்

எங்கள் வீட்டில் பல்லி வளர்த்தோம் என்று சொன்னால் இப்போதும் சிரிக்கிறார்கள். சிரித்துக்கொள்ளட்டும். பல்லியை யாரும் வளர்ப்பதில்லை, அது தானாகச் சுவரில் இருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது, என் வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து கட்டிலில் விழும் வரைக்கும்.

அது எண்பதுகளின் கடைசி. அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி போகிற ரோட்டோரம் எங்கள் ஓட்டு வீடு. அவர் பருத்திக் கடையில் வேலை பார்த்தார். வாய் ஓயாத மனுஷர். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் பேச ஆரம்பித்து, இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு, வெயிலில் திரும்பி நடந்து வருவார். அந்த வாய்தான் முதலில் கோணியது. வலது கையும் காலும் விழுந்தன. இடது பக்கம் மட்டும் மிச்சம். "பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்கம்மா, என்னைக்காவது பதில் வரும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

கொடுத்தேன். மழை பொய்த்ததைச் சொன்னேன், சோளம் கருகியதைச் சொன்னேன், பக்கத்து வீட்டுச் சண்டையை ஒன்றுவிடாமல் சொன்னேன். பிறகு அவரோடேயே சண்டை போட்டும் பார்த்தேன். "நாஞ் சொல்றது கேக்குதா? கேட்டா கையை அசைங்க" என்று கெஞ்சுவேன். கண் கூரையைப் பார்த்தபடியே இருக்கும். அவர் எழுந்து நடக்க வேண்டும் என்றெல்லாம் நான் ஆசைப்படவில்லை. என் பேச்சு அவருக்குள் போகிறது என்பதற்கு ஒரே ஒரு அடையாளம் வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். சுவரில் மாட்டியிருந்த பைபிள் வசன அட்டைக்குப் பின்னாலிருந்து பல்லி சொன்னது. அவருடைய இடது கை மெதுவாகக் கட்டில் சட்டத்துக்குப் போனது. விரலை மடக்கி டொக், டொக், டொக் என்று தட்டினார்.

பல்லி சொன்னால் விரலை மடக்கித் தட்டுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். நாங்கள் சபைக்குப் போகிற குடும்பம், நாங்கள் தட்டக்கூடாது. ஆனால் அவருடைய அம்மா வேதத்துக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை, பிள்ளைக்கும் அது ஒட்டிக்கொண்டது. சபை உபதேசியார் வீட்டு நாற்காலியிலேயே தட்டிவிட்டு அசடு வழிந்தவர் அவர்.

கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். பாதி சந்தோஷம், பாதி வயிற்றெரிச்சல். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு இல்லாத பதில் ஒரு பல்லிக்கா?

ஆனாலும் அன்றிலிருந்து அந்தப் பல்லி எங்கள் வீட்டு ஆள் ஆகிவிட்டது. கரிசல் காட்டில் மழை இல்லையென்றால் பூச்சியும் இல்லை. பூச்சி வரட்டும் என்று ஆள் வைத்து அட்டைக்குப் பக்கத்தில் குண்டு பல்பை மாற்றிப் போட்டேன். கரண்ட் போனால் அரிக்கேன் விளக்கை அங்கே தொங்கவிட்டேன். செத்த ஈயை ஈர்க்குச்சியில் குத்தி நீட்டினால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அசைகிறதைத்தான் அது தின்னும் என்று தெரிந்தபின், குச்சியை ஆட்டி ஆட்டிக் காட்டினேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "ஏக்கா, புருசனுக்கு ஊட்டுறியா, பல்லிக்கு ஊட்டுறியா?" என்றாள்.

"ரெண்டு பேருக்குந்தேன். ஒனக்கும் வேணுமா?" என்றேன்.

ஒரு தடவை ஜன்னல் கதவில் சிக்கி அதன் வால் அறுந்தது. கொஞ்ச நாளில் மொட்டையாக ஒரு வால் முளைத்து வந்தது. அவர் கண் அந்த வாலையே பார்த்துக்கொண்டிருந்தது. "பாத்தீகளா, போனது திரும்பி வருது" என்றேன். பல்லி சொன்னது. தட்டினார். பேசும்போது பல்லி சொன்னால் அந்தப் பேச்சு நிஜம் என்பார்கள். அதற்காகத் தட்டினாரா, வெறும் கைப்பழக்கமா? என் பேச்சுக்குத்தான் என்று நம்பினேன். நம்பாமல் எப்படிச் சோறு இறங்கும்?

கிறிஸ்துமஸுக்கு முன்னால், பரளச்சியில் கட்டிக்கொடுத்திருந்த அவருடைய அக்கா, என் மதினி, உதவிக்கு வந்திருந்தார். நல்ல மனசுக்காரர். நான் மருந்து வாங்க அருப்புக்கோட்டைக்குப் போன நேரத்தில் ஆளைக் கூட்டிவந்து வெள்ளையடித்துவிட்டார். நான் திரும்பும்போது வீடு பளீரென்று இருந்தது. என் கண் வசன அட்டை இருந்த இடத்துக்குப் போனது.

"அங்கன இருந்த பல்லி எங்க மதினி?"

"வசன அட்டையைக் கழத்துனோம், பொத்துன்னு சுண்ணாம்பு வாளிக்குள்ள விழுந்துருச்சு. பல்லிதான, விடு தாயி. பண்டியலுக்கு வீடு எழவு வீடு மாதிரி கெடக்கக்கூடாதுன்னுதான் அடிக்கச் சொன்னேன்."

நான் வாளியை எட்டி உதைத்தேன். குப்பையில் அது வெள்ளையாகக் கிடந்தது, முளைத்த வாலோடு. கட்டிலில் அவர் விரலை மடக்கிச் சட்டத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

பண்டிகை வந்தது, போனது. விரல் மடங்கியபடியே இருந்தது. பக்கத்து வீட்டு அடுப்படியில் ஒரு பல்லியைத் துணி போட்டுப் பிடித்துவந்து விட்டேன். ஓட்டிடுக்கில் ஏறியது, சத்தமே காட்டவில்லை.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம், தாங்க முடியாமல், கதவுக்குப் பின்னால் நின்று பல்லி மாதிரி நாக்கைத் தட்டினேன். கட்டில் சட்டத்திலிருந்து பதில் வந்தது: டொக், டொக், டொக்.

உள்ளே ஓடினேன். "நாந்தேங்க! நாந்தேன் சொன்னேன்!" என்று கத்திக்கொண்டு அவர் கண்ணுக்கு நேரே நின்று மறுபடி நாக்கைத் தட்டினேன். விரல் அசையவில்லை. முகத்தருகே குனிந்து தட்டினேன். ஒன்றுமில்லை. நிமிர்ந்து கதவுக்குப் பின்னால் போய்த் தட்டினேன். சட்டத்தில் மறுபடியும் டொக், டொக், டொக்.

அதன்பிறகு என் இடம் கதவுக்குப் பின்னால்தான். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு நாக்கைத் தட்டுவேன். அவர் தட்டுவார். எதற்கு என்று கேட்கத் தைரியம் இல்லை.

அவருக்குக் கடைசி மூச்சு இழுத்த காலையில் வீடு நிறைய ஆட்கள். மதினி அழுதுகொண்டே, "எங்க போயிட்ட தாயி, பக்கத்துல வந்து கையைப் பிடி" என்று கூப்பிட்டார். நான் போகவில்லை. பக்கத்தில் போனால் பதில் வராது. கதவுக்குப் பின்னால் நின்று நாக்கைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.