களை என்று எழுதிய அறிக்கை

பெங்களூர் ஒக்கலிபுரத்தில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் சாவித்ரம்மா ஒரு மாடு வைத்திருந்தார். ஒரு காலையில் என் கதவைத் தட்டி, "ஹுல்லு பந்து, கேட் தெகி" என்றார். புல் வந்திருக்கிறது, கேட்டைத் திறக்கச் சொல்கிறார் என்று இறங்கிப் போனேன். வண்டியில் இருந்தது வைக்கோல். "இதுவா ஹுல்லு?" என்று கேட்டேன். "அதுவும் ஹுல்லு, இதுவும் ஹுல்லு. ஈரமா இருந்தா ஹசி ஹுல்லு, காய்ஞ்சா ஒண ஹுல்லு" என்று எனக்காகத் தமிழ் கலந்து சொன்னார். பெங்களூருக்குப் பிழைக்க வந்த நம்மில் யாருக்குத்தான் இப்படி நேர்ந்ததில்லை? வேறொரு நாளாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அன்று ஆபீஸில் நான் எழுதிக் கொடுத்த ஓர் அறிக்கை நினைவுக்கு வந்தது.

அது தொண்ணூறுகளின் கடைசி. ஆரணியில் டிப்ளமோ முடித்து வந்து, பீன்யா தொழிற்பேட்டையில் நெல் அறுவடை இயந்திரம் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் சோதனைப் பிரிவில் சேர்ந்திருந்தேன். மாதிரி இயந்திரம் மண்டியா வயல்களில் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஓட்டிய பசவராஜு சாயங்காலம் பூத்திலிருந்து போனில் கன்னடத்தில் சொல்வதை நான் அறிக்கையாக எழுதுவேன். மூன்று வாரத்துக்கு முன்பு அவர், "ஹசி ஹுல்லு சுத்திக்கொள்தா இதெ மேடம், மிஷின் நிந்து ஹோகுத்தே" என்றார். பச்சைப் புல் சுற்றிக்கொண்டு இயந்திரம் நின்றுபோகிறது என்று எடுத்துக்கொண்டேன். வயலில் களை அதிகம் என்று எழுதிக் கொடுத்தேன். களை வயல்காரரின் குறை, இயந்திரத்தில் குறையில்லை என்று வரைபடத்துக்கு ஒப்புதலும் கிடைத்து, பட்டறையில் வேலையும் தொடங்கிவிட்டது. முதலில் செய்யும் இயந்திரங்களில் ஒன்று ஆரணிப் பக்கம் வாடகைக்கு விடுகிற ஒருவருக்குப் போக வேண்டியது. "அறுக்க ஆள் கெடைக்கல, உங்க மிஷின் வந்தா மொதல்ல நம்ம நெல்லுதான்" என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். மழை பெய்த வயலில் அது பாதியில் நின்றால், சாய்ந்த கதிரிலேயே நெல் முளைத்துவிடும்.

பீன்யா போகும் பஸ்ஸில், இதை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்றும் யோசித்தேன். அப்படி யோசித்ததுதான் இன்றும் உறுத்துகிறது. ஆபீஸில் நேராக டிசைன் தலைவர் நாகராஜ் சாரிடம் போய், "ரிப்போர்ட் தப்பு சார். சுத்திக்கிட்டது களை இல்ல, நெல்லோட ஈர வைக்கோல்" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "வயல்ல நின்னு எழுதினீங்களா, போன்ல கேட்டு எழுதினீங்களா?"

"போன்ல கேட்டுத்தான் சார்."

திட்டுவார் என்று நின்றேன். அவர் போனை எடுத்து, "வெல்டிங் நில்லிஸி" என்று பட்டறையில் வேலையை நிறுத்தச் சொன்னார். பிறகு என்னிடம், "ஜீப் சொல்றேன். போய்க் கண்ணால பாருங்க" என்றார்.

மண்டியாவில் பசவராஜு இயந்திரத்தின் பக்கக் கதவைத் திறந்து வைத்து, கதிரடிக்கும் உருளையின் இரண்டு முனையிலும் கயிறுபோல் இறுகியிருந்த வைக்கோலை அரிவாளால் அறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் கீறல். நான் தவறாக எழுதியதைச் சொன்னதும், "நானு பேரே பாஷெயல்லி ஹேளலில்லவல்லா மேடம்" என்றார். வேறு மொழியில் நான் சொல்லவில்லையே என்கிறார். கோபம் இல்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. அவர் சொன்ன யோசனைப்படியே உருளையின் முனைகளுக்கு வட்டமான தகட்டு மூடி போட்டோம். அடுத்த மழை முடிந்த காலையில் அதே வயலில் இயந்திரத்தை இறக்கினார். நான் வரப்பில் நின்று சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். மதியம்வரை அது ஒருமுறைகூட நிற்கவில்லை. கடைசி வரிசை முடிந்ததும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு பசித்தது. பசவராஜு தன் களி உருண்டையில் பாதியைப் பிட்டுக் கொடுத்தார்.

ஆரணிக்குப் போன இயந்திரம் அப்பாவின் நெல்லை அறுத்தபோதும் நிற்கவில்லை. ஆனால் என் நினைவில் தங்கியிருப்பது அதை அனுப்பிவைத்த நாள். தமிழ்நாட்டு எல்லையில் அத்திபெலே செக்போஸ்டில் காகிதத்தில் ஏதோ சிக்கல் என்று தமிழும் கன்னடமும் பேசத் தெரிந்த என்னையே அனுப்பினார்கள். இரண்டு பக்கமும் பேசி முடித்தேன். இயந்திரத்தை ஏற்றிய டிரெய்லர் ஓசூர்ப் பக்கம் உருண்டு போனது. மனசு லேசாக இருந்தது. டீக்கடைக்காரர் டம்ளரை வாங்கிக்கொண்டே, "ஊருக்காம்மா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணா."

"அதோ ஓசூர் பஸ் நிக்குது பாருங்க" என்று கை காட்டினார். அதற்குள் நான் பெங்களூர் திரும்பும் மெஜஸ்டிக் பஸ்ஸைப் பிடிக்க எதிர்ப்பக்கமாகச் சாலையில் பாதி தூரம் போயிருந்தேன்.